தபாலில் அனுப்பக் கூடாத அங்கி

ஹார்ட்ஃபோர்ட்
1999 ஜனவரி 11

திரு. எஃப்ராயின் மெர்காடோ,

இதைப் படித்ததும் தொலைபேசியைக் கையில் எடுக்காதே. எடுத்தால் நான் வைத்துவிடுவேன். எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் சொல்.

எனக்குக் குண்டு துளைக்காத அங்கி ஒன்று வேண்டும். நர்ஸ் சட்டைக்கு உள்ளே போட்டுக்கொள்கிற மெல்லிய ரகம். போயும் போயும், அங்கி தைத்து விற்கிற உன்னிடம், நான் விட்டுவந்த புருஷனிடம் கேட்கிறேனே என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. இங்கே இருக்கிற ஒரே கடையில் போலீசாருக்கு மட்டும்தான் விற்கிறார்கள். என் வேலை அட்டையை நீட்டினேன். அங்கே இருந்தவன், "ஊசி போடத்தானம்மா போறீங்க, சண்டைக்கா போறீங்க?" என்று சிரித்தான்.

நான் இப்போதும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலையில்தான் இருக்கிறேன். என்னோடு வேலை பார்க்கிற அவில்டா போன வாரம் பட்டப்பகலில் ஒரு வீட்டின் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். கீழே இரண்டு பேர் ஒருவரை ஒருவர் சுட்டுக்கொண்டார்கள். ஒரு குண்டு அவள் பையைத் துளைத்துக்கொண்டு போனது. பையில் இருந்த இரத்த அழுத்தக் கருவி தூள் தூளாகிவிட்டது. அவளுக்குக் கீறல்கூட இல்லை. மறுநாளும் அதே படியில் ஏறினாள். மேலே இருக்கிறவருக்கு இன்சுலின் போட வேறு யார் இருக்கிறார்கள்?

எனக்குப் பதினோரு வீடுகள். அதில் ஏழு, மாடி ஏறிப் போக வேண்டிய வீடுகள். விலையை எழுது, மணியார்டர் அனுப்புகிறேன். பொட்டலத்தைத் தபாலில் போட்டுவிடு. இதற்கு வேறு அர்த்தம் எதுவும் கற்பித்துக்கொள்ளாதே.

மிக்தாலியா


வில்லிமான்டிக்
ஜனவரி 15

டாலியா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்துவிட்டுக் கடையைப் பூட்டினேன். பூட்டிவிட்டுத்தான் பிரித்தேன். தொலைபேசியை எடுக்கவில்லை. பொய் எதற்கு, எடுத்தேன். எண்களைச் சுழற்றவில்லை.

உன் கடிதத்தில் அவில்டாவின் பையைப் பற்றி எழுதியிருக்கிற இடத்தை நாலைந்து முறை படித்தேன். நீ ஏறுகிற ஏழு மாடிகளையும் நானே மனத்தில் கட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு அங்கி தருவேன். விலையைப் பற்றிப் பேசாதே.

ஆனால் தபாலில் அனுப்ப முடியாது. போன வருடம் இந்த மாநிலத்தில் ஒரு சட்டம் வந்திருக்கிறது. இந்த அங்கியை ஒருவர் இன்னொருவருக்கு விற்றாலும் சரி, சும்மா கொடுத்தாலும் சரி, கொடுப்பவரும் வாங்குபவரும் நேருக்கு நேர் சந்தித்துத்தான் கைமாற்ற வேண்டும். தபால் கூடாது. போலீஸ்காரர்களுக்கு விலக்கு உண்டு. நர்ஸ்களுக்கு இல்லை. சட்டம் எழுதியவர்களுக்கு உங்கள் ஞாபகம் வரவில்லை போலிருக்கிறது.

இதை நான் இட்டுக்கட்டவில்லை. நீ அப்படித்தான் நினைப்பாய் என்று தெரியும், அதனால் சொல்கிறேன்.

நீ வர வேண்டும், டாலியா. ஒரு மணி நேரம் கூட ஆகாத பேருந்துதான். நீ வருவதற்குள் தைத்து வைக்க மூன்று அளவு வேண்டும். மார்பு, இடுப்பு, பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கழுத்துக் குழியிலிருந்து தொப்புள் வரை. நின்றுகொண்டு எடுத்துவிடாதே. நின்று எடுத்த அளவில் தைத்தால், உட்காரும்போது அங்கி மேலே ஏறித் தொண்டையை இடிக்கும். நீ நோயாளியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதானே கட்டுப் போடுவாய்.

எஃப்ராயின்


ஹார்ட்ஃபோர்ட்
ஜனவரி 22

எஃப்ராயின்,

நல்ல சட்டம். யார் போட்டது, நீயா? படித்ததும் இப்படித்தான் கத்தினேன். சமையலறையில் கத்தியது பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். பிறகு நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற அம்மாள் மூக்குக் கண்ணாடியை இறக்கி ஏற்றி, தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினாள். உண்மைதான். நீ சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல் இருக்கிறது. சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இந்தச் சட்டம் நாலு வருடம் முன்னால் எங்கே போயிருந்தது? ஒரு தபால் பெட்டி எண்ணும் ஒரு பொய்ப் பெயரும் இருந்தால் போதும் என்று உன் கடையிலிருந்து பொட்டலம் போனதே, அப்போது? என் அண்ணன் சான்டியாகோ பலசரக்குக் கடை வாசலில் காவலுக்கு நின்றவன். கொள்ளையடிக்க வந்தவனை இரண்டு முறை சுட்டான். இரண்டும் நெஞ்சில்தான் பட்டன. உன் அங்கி நன்றாக வேலை செய்தது, எஃப்ராயின். அதைப் போட்டிருந்த கொள்ளைக்காரன் எழுந்து நின்று திருப்பிச் சுட்டான்.

அண்ணனைக் கொன்ற சாமானையே நான் இப்போது சட்டைக்குள் போட்டுக்கொள்ளக் கேட்கிறேன். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன சொல்வாள் என்று நினைத்துப் பார்க்கவும் பயமாக இருக்கிறது. இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது.

அந்தக் கடைக்கு என்னால் வர முடியாது. பொட்டலம் கட்டுகிற அந்த மேசையைப் பார்க்க முடியாது.

முப்பத்து நாலு. இருபத்தேழு. பதின்மூன்றரை. உட்கார்ந்துதான் எடுத்தேன்.

மிக்தாலியா


வில்லிமான்டிக்
பிப்ரவரி 1

டாலியா,

இடுப்பு இருபத்தேழா? நாடாவைச் சரியாகப் பிடித்தாயா? நீ போகும்போது முப்பத்திரண்டு. இந்த மூன்று வருடத்தில் என்ன சாப்பிட்டாய், யார் சமைத்தார்கள், இல்லை யாருமே சமைக்கவில்லையா? உன்னிடம் கேட்க எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த ஐந்து அங்குலம் என்னைத் தூங்க விடவில்லை.

நாலு வருடம் முன்னால் அந்தச் சட்டம் இல்லை. அப்போது தபாலில் அனுப்புவது குற்றமில்லை, நீதிபதியே அதைச் சொன்னார். அதனால் எனக்கு என்ன ஆறுதல்? குற்றமில்லை என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து போய்விட்டார், நான் கடைக்குத் திரும்பினேன், நீ இல்லை.

இதை எழுதினால் நீ வரவே மாட்டாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். நேருக்கு நேர் பார்த்து விற்றிருந்தால் சான்டியாகோ பிழைத்திருப்பானா? பிழைத்திருக்க மாட்டான். நீதிமன்றத்தில் அவனைச் சுட்டவன் முகத்தைப் பார்த்தேன். அமைதியான, நல்ல முகம். வாத்தியார் மாதிரி இருந்தான். கடைக்கு வந்திருந்தால் உட்கார வைத்துக் காப்பி கொடுத்து விற்றிருப்பேன். முகத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைத்துச் சட்டம் போட்டவர்கள் கடை வைத்தவர்கள் இல்லை.

போன மாதம் ஒருவன் வந்தான். முப்பது வயது இருக்கும், கழுத்து முழுக்கப் பச்சை குத்தியிருந்தான். "போலீஸ் குண்டையும் தாங்குமாண்ணே?" என்று கேட்டான்.

"எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான். தெரிஞ்சுக்கலாம்னு."

"சும்மா கேக்குறவனுக்கு விக்கிறதில்ல. போ."

"சட்டப்படி வாங்கலாம்ண்ணே. நேர்லதானே வந்திருக்கேன்."

"சட்டம் சரின்னுதான் சொல்லுது. நான்தான் முடியாதுங்கிறேன்."

அவன் சண்டை போடவில்லை. கதவருகே நின்று, "டாக்ஸி ஓட்டுறேன். ரெண்டு வாட்டி கழுத்துல துப்பாக்கி வச்சுட்டாங்க. உங்களுக்கு வித்தது போதும்னா சரி," என்று சொல்லிவிட்டுப் போனான். கெட்டவனுக்கு விற்றேன். ஒருவேளை நல்லவனுக்கு மறுத்துவிட்டேன். அவனைத் தேடி டாக்ஸி நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். யாருக்கும் அவனைத் தெரியவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். நீ வராமலே வாங்கலாம். உன் தங்கை நில்சா இங்கே வந்து என்னிடம் நேரில் வாங்கிக்கொண்டு போய், உன்னிடம் நேரில் கொடுத்தால் சட்டம் சரி. தெரிந்தேதான் எழுதாமல் விட்டேன். நீ வர வேண்டும் என்ற ஆசை. நில்சாவை அனுப்பு. அளவுப்படி தைத்துவிட்டேன்.

எஃப்ராயின்


ஹார்ட்ஃபோர்ட்
பிப்ரவரி 9

எஃப்ராயின்,

நில்சாவை அனுப்பலாம் என்பது நூலகத்து அம்மாள் அன்றைக்கே சொன்னதுதான். நானும் உனக்கு எழுதவில்லை. சரிக்குச் சரி.

அவில்டாவுக்கு ஒரு அங்கி கிடைத்துவிட்டது. அவள் சித்தப்பா மகன் போலீசில் இருக்கிறான், அவனுடைய பழசு. திங்கட்கிழமை அதைப் போட்டுக்கொண்டு என்னோடு தோன் குமே வீட்டுக்கு வந்தாள். தோன் குமே என் நோயாளிகளிலேயே வாய்த்துடுக்குக்காரர். எண்பது வயது, சர்க்கரை, காலில் ஆறாத புண். அவில்டா குனிந்து கட்டுப் பிரிக்கும்போது அவர் விரலால் அவள் முதுகில் தட்டிப் பார்த்தார்.

"என்ன பொண்ணே, உள்ள கதவு வச்சு தச்சிருக்கியா?"

"புல்லட் புரூஃப், தாத்தா."

"யாரு சுடுவாங்கன்னு? நானா? எழுந்து ஒண்ணுக்குப் போகவே ஆள் வேணும் எனக்கு."

"உங்களுக்காக இல்லீங்க. படிக்கட்டுக்காக."

"அந்தப் படிக்கட்டுல நாப்பது வருசம் ஏறி எறங்குனேன். எம் பொண்டாட்டி எறங்குனா. எங்களுக்கு எவன் குடுத்தான் புல்லட் புரூஃபு?" பனியனை இழுத்து ஓட்டையைக் காட்டினார். "இந்தா, இதுதான் என்னோடது. காத்து நல்லா வருது."

நாங்கள் மூவரும் சிரித்தோம். அவர் சிரித்து முடித்த பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். ஊசி போடும்போதும் திரும்பவில்லை. கீழே வந்ததும் அவில்டா, "நான் செத்திருந்தா அவருக்குச் சந்தோசமா?" என்று அழுதாள். இருவர் சொல்வதும் எனக்கு நியாயமாகவே படுகிறது. அங்கே குடியிருப்பவர்களுக்கு இல்லாத அங்கியைப் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டுக்குள் போவது, உங்களை நம்பவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வது மாதிரிதான். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, எஃப்ராயின். முதல் படியில் கால் வைக்கும்போதே வாய் உலர்ந்துவிடுகிறது. கீழே ஒரு கதவு சாத்தினால் மேலே நான் சுவரோடு ஒட்டி நிற்கிறேன்.

இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னால் வேலையை விடச் சொல்வாள்.

இருபதாம் தேதி, சனிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு வருகிறேன். கடையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. மூன்று மணிப் பேருந்துக்குத் திரும்ப வேண்டும்.

மிக்தாலியா


வில்லிமான்டிக்
பிப்ரவரி 22

டாலியா,

என்னைப் போல ஒரு மடையன் இந்த மாநிலத்தில் இருக்க மாட்டான். உன்னை மூன்று வருடம் கழித்துப் பார்க்கிறேன். பார்த்து என்ன பேசினேன்? அங்கியின் உறையை மட்டும் துவைக்க வேண்டும், உள்ளே இருக்கிற தகட்டை நனைக்கக் கூடாது, வெயிலில் காயப் போடக் கூடாது, ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். முக்கால் மணி நேரம் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். நீயும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாய். பின்கட்டில் பச்சைத் துவரை போட்ட சோறு ஆக்கி வைத்திருந்தேன், உனக்குப் பிடித்த மாதிரி அடி பிடிக்க விட்டு. உன்னைச் சாப்பிடச் சொல்ல மறந்துவிட்டேன். நீ போன பிறகு அந்த அடிச்சோற்றைச் சுரண்டி நின்றுகொண்டே தின்றேன்.

"கையத் தூக்கு" என்றேன், நீ தூக்கினாய். விலாப் பக்கம் பட்டையை இரண்டு முறை கோணலாக ஒட்டிப் பிய்த்தேன். நீ கண்டுகொண்டாய். "பழகின கைதானே, என்ன ஆச்சு?" என்றாய். அதற்கும் நான், "புதுப் பட்டை, கொஞ்சம் விறைப்பா இருக்கும்" என்றேன்!

பேருந்து வந்து நின்ற பிறகு, அதன் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டாய்: "கோர்ட்டுல அந்தச் சீட்டு உன் எழுத்துன்னு ஏன் சொன்னே?" நான் வாயைத் திறப்பதற்குள் ஏறிவிட்டாய். இப்போது சொல்கிறேன்.

அந்தப் பொட்டலம் போன சனிக்கிழமை எனக்குக் காய்ச்சல். கடையை நீ பார்த்துக்கொண்டாய். நீதான் பொட்டலம் கட்டினாய், நீதான் முகவரிச் சீட்டு எழுதினாய். வழக்கறிஞர் அதைத் தூக்கிக் காட்டி, இது யார் எழுத்து என்றார். உன் அம்மா முன்வரிசையில் இருந்தார். நீ அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாய். உன் முகத்தைப் பார்த்தேன், "என்னுடையது" என்று வந்துவிட்டது. யோசித்துச் சொன்ன பொய் இல்லை. உன் கையை அவர் விட்டுவிடக் கூடாது என்று மட்டும் தோன்றியது.

உனக்கு நல்லது செய்ததாக நினைத்தேன். அன்று சாயங்காலமே நீ பெட்டியைக் கட்டினாய். ஏன் என்று மூன்று வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். இந்தச் சனிக்கிழமை நீ அந்த மேசையைத் தொடாமல் சுற்றி வந்ததைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பழியை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்ததோடு, உன் மனத்தில் இருந்ததை நீ யாரிடமும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டேன். சொன்னால் நான் பொய்யன் ஆவேன், சொல்லாவிட்டால் நீ. உன்னைக் கேட்காமல் செய்தேன். மன்னித்துவிடு.

நீ இல்லாமல் எனக்கு நன்றாக இல்லை. இதைத்தான் சனிக்கிழமை சொல்லியிருக்க வேண்டும்.

எஃப்ராயின்


ஹார்ட்ஃபோர்ட்
மார்ச் 8

எஃப்ரா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே எழுதாததற்குக் காரணம், அதற்கு முன்னால் ஒரு வேலை இருந்தது.

அங்கியைப் பற்றி முதலில். தினமும் போட்டுக்கொள்கிறேன். தோன் குமே முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். நான் கட்டிலில் உட்காரவில்லை, நேராகக் கேட்டேன்: "இது உங்களுக்கு மரியாதைக் குறைவா இருந்தா சொல்லுங்க, கழட்டிடறேன்." அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார். "படிக்கட்டு வேற, என் வீடு வேற. படிக்கட்டுல போட்டுக்கோ. என் வாசப்படி தாண்டினதும் கழட்டி அந்த ஆணியில மாட்டு. திரும்பிப் போறப்ப நானே எடுத்துக் குடுக்கறேன்" என்றார். அப்படியே செய்கிறேன். அவரால் எழுந்து நிற்க முடியாது, ஆனால் ஒவ்வொரு நாளும் கையை நீட்டி, "எடுத்துக் குடுத்ததா வச்சுக்கோ" என்கிறார். மற்றப் பத்து வீட்டிலும் இப்போது அதே வழக்கம்தான். வாசலில் கழற்றுகிறேன். அவில்டா என்னைப் பைத்தியம் என்கிறாள். வீட்டுக்குள் சுட்டால் என்ன செய்வாய் என்கிறாள். சுட்டாலும் சுடலாம். வாய் மட்டும் இப்போது உலர்வதில்லை.

இனி அந்த வேலை. நேற்று ஞாயிற்றுக்கிழமை, கோயிலிலிருந்து வந்ததும் அம்மாவை உட்கார வைத்து, அங்கியை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "அம்மா, அண்ணனைச் சுட்டவனுக்குப் போன பொட்டலத்துல முகவரி எழுதினது எஃப்ராயின் இல்ல. நான்."

அவள் காப்பியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

"தெரியும்."

"யார் சொன்னா?"

"யாரு சொல்லணும்? உனக்குக் கையப் புடிச்சு எழுதப் பழக்குனவ நானு. ஏழு எழுதறப்ப குறுக்க ஒரு கோடு இழுப்பியே, எத்தன தடவ அடிச்சிருக்கேன். அந்த வக்கீல் சீட்டத் தூக்கிக் காட்டினானே, அப்பவே பாத்துட்டேன்."

"அப்புறம் ஏம்மா எங்கிட்ட கேக்கல?"

"நீ பொட்டலம் கட்டுன, அவ்வளவுதானே. உனக்கென்ன தெரியும்? அத உங்கிட்ட சொல்லணும்னுதான் ஒக்காந்திருந்தேன். நீயா வாயத் தொறப்பேன்னு பாத்தேன். நீ தொறக்கவே இல்ல. சாப்பாட்ட விட்டுட்ட. எலும்பும் தோலுமா ஆயிட்ட."

"அவர் மேல உனக்குக் கோவம் இல்லையா?"

"இருக்கு. மொகம் தெரியாதவனுக்கு வித்தான், அதுக்குக் கோவம் இருக்கு. சாகறவரைக்கும் இருக்கும். ஆனா எம் பொண்ணுக்காக அத்தன பேர் முன்னாடி பொய் சத்தியம் பண்ணினான். அவனுக்கு ஒரு வாய் சோறு போடாம இருந்துட்டேனேன்னு அதுவும் இருக்கு."

அதன் பிறகு நாங்கள் இருவரும் அண்ணனுக்காக அழுதோம், எஃப்ரா. மூன்று வருடத்தில் அம்மாவின் முன்னால் நான் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவரை அழுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடம் இதைச் சொல்லி அழ விடாமல் செய்துவிட்டாயே என்பதுதான் உன்மேல் எனக்கு இருந்த கோபம் எல்லாம். நீ அதைச் சரியாகப் புரிந்துகொண்டுவிட்டாய், கொஞ்சம் தாமதமாக.

அங்கியின் இடது பட்டை பிடிக்கவில்லை. படி ஏறும்போது நழுவுகிறது. சரி செய்ய வேண்டும். தபாலில் அனுப்ப முடியாது, சட்டம் இருக்கிறது. கொடுப்பவரும் வாங்குபவரும் நேரில் சந்திக்க வேண்டும். அதில் யார் பயணம் செய்ய வேண்டும் என்று எழுதவில்லை, நூலகத்து அம்மாளை இன்னொரு முறை கேட்டுவிட்டேன். நான் ஒரு முறை வந்தாகிவிட்டது. பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து பன்னிரண்டரைக்கு மேல். அம்மா உன்னைத் திட்டுவாள், கேட்டுக்கொள். பிறகு சோறு போடுவாள், சாப்பிடு.

இதை எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். மறுபடி பிரித்து எழுதுகிறேன். இடது பட்டை நன்றாகத்தான் இருக்கிறது. நழுவவில்லை. நம் இருவருக்குள் இனி ஒரு பொய்கூட வேண்டாம், நல்லதற்குச் சொல்கிற பொய்யும் வேண்டாம். அங்கியைச் சரி செய்ய வர வேண்டாம். என்னைப் பார்க்க வா.

உன் டாலியா